ஆத்தங்கரை மனையா? முதலில் லெவல் டியூப் பிடியுங்கள்

தாமிரபரணிக் கரையோர மனைக்குக் கூடுதல் விலை கேட்டால், அட்வான்ஸ் கொடுக்குமுன் பக்கத்து வீட்டுச் சுவரில் 2023 டிசம்பர் வெள்ளம் விட்டுப்போன கறையைத் தேடுங்கள். வெள்ளையடித்திருந்தால் காம்பவுண்டின் உள்பக்கம் பாருங்கள். கொத்தனாரின் லெவல் டியூபில் (மட்டம் பார்க்கும் ஒளிபுகும் குழாய்) காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைக் கறையருகே பிடித்து, கறையின் மட்டத்தை மனையில் நட்ட குச்சியில் குறியுங்கள். தரைக்கும் குறிக்கும் உள்ள உயரத்துக்குக் குறையாமல் மண் அடிக்க வேண்டியிருக்கும். 5 சென்ட்டை 3 அடி உயர்த்த 65 யூனிட் மண் (யூனிட்டுக்கு 100 கன அடி). அமுங்குவதற்குக் கால்பங்கு கூட்டினால் 80 தாண்டும். மண் சரியாமலிருக்கச் சுற்றுச்சுவர் தனிச் செலவு. இதையும் விலையில் சேர்த்து, இரண்டு தெரு தள்ளி மேட்டில் உள்ள மனையோடு ஒப்பிடுங்கள். ஆத்துக் காற்றுக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பது அப்போது தெரியும்.

ஒரே கரையில் நூறு மீட்டருக்குள் வெள்ளம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும் என்பதால் இந்தக் கணக்கு சரிவரும். 'இங்கெல்லாம் தண்ணி வராது' என்ற தரகர் பேச்சைவிடச் சுவர் நம்பகமானது.

இடையில் அணைக்கட்டோ பாலமோ இருந்தால் மட்டம் மாறிவிடும். குளத்தங்கரை மனைக்கும் இது உதவாது. கரை எங்கே உடைகிறது என்பதைப் பொறுத்துத் தண்ணீர் வேறு பக்கம் பாயும். வருவாய்த்துறையின் நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டில் நீர்நிலைப் புறம்போக்கு என்றிருந்தால் அளக்கவே வேண்டாம், விட்டுவிடுங்கள்.