மோட்டார் கொட்டகைப் பூட்டுக்கு எண்ணெய் வேண்டாம், பென்சில் தூள் போடுங்கள்

மேட்டூர் ஜூன் 12 அன்றே திறந்தாலும் சரி, தள்ளிப் போனாலும் சரி, குறுவைக்கு நாற்று விட மோட்டார் கொட்டகையைத் திறந்துதான் ஆகணும், அன்றைக்குப் பார்த்துப் பூட்டு மக்கர் பண்ணும். உடனே தேங்காய் எண்ணெய் வரும். அப்போதைக்குத் திறக்கும். ஆனால் களத்துத் தூசியெல்லாம் அதில் ஒட்டிப் பிசினாகும், மார்கழி விடியலில் 24 டிகிரிக்குக் கீழே போனால் எண்ணெயே உறைந்து சாவியைப் பிடித்துக்கொள்ளும்.

முதலில் பழைய பிசுக்கை எடுங்கள். பூட்டைக் கழற்றி, சாவித் துவாரத்தில் கொஞ்சம் பெட்ரோல் விட்டு (பீடி, அடுப்பு எதுவும் பக்கத்தில் கூடாது), சாவியைப் போட்டு ஆட்டி, கவிழ்த்துத் தட்டினால் கறுப்பாக ஒழுகும். அதில் தேய்ந்த பித்தளைத் துகளும் இருக்கும், உள்ளேயே விட்டால் மிச்சத்தையும் அராவிவிடும். ஒழுகுவது தெளியும்வரை இதையே செய்து, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள்.

அப்புறம் 6பி பென்சில். பிள்ளைகளின் எச்பி வேண்டாம், அதில் களிமண் அதிகம், களிமண் தேய்க்கும். முனையை உப்புத்தாளில் உரசித் தூளாக்கி, சாவியின் பல்லில் தடவி, உள்ளே விட்டு எடுத்து, பலமுறை திருப்புங்கள். ஒரு சிட்டிகை போதும், அள்ளிக் கொட்டினால் அடைத்துக்கொள்ளும்.

பூட்டுக்குள் சாவி தூக்கும் தகடான லீவர் எவ்வளவு மழமழப்பாக இருந்தாலும் நுண்ணளவில் மேடு பள்ளம்தான், இரண்டு பரப்பும் தொடுவது மேட்டு நுனிகளில் மட்டும். அந்த நுனிகள் ஒட்டி ஒட்டிப் பிய்வதால்தான் இறுக்கமும் வருகிறது, தேய்மானமும் வருகிறது. பென்சில் தூளில் இருக்கும் கிராஃபைட் நடுவில் புகுந்தால் கதை வேறு: கும்பகோணம் வெற்றிலைக் கவுளி மாதிரி கார்பன் அணுக்களின் அடுக்கு அது, தாளுக்குத் தாள் 0.335 நானோமீட்டர், பிடிப்பு சொற்பம். 1987இல் கலிஃபோர்னியாவில் ஐபிஎம் ஆய்வகத்தில் டங்ஸ்டன் ஊசியைக் கிராஃபைட் மேல் இழுத்துப் பார்த்தபோது, அணு வரிசைக்கு ஏற்ப அது மாட்டி மாட்டித் தாவியதையே அளந்திருக்கிறார்கள்.

கிராஃபைட் வழுக்க ஈரப்பதமும் வேணும். இரண்டாம் உலகப் போரில் உயரத்தில் பறந்த விமானங்களின் ஜெனரேட்டரில் உரசி மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ்கள் (அவற்றிலும் கிராஃபைட்தான்), அங்கே காற்று வறண்டிருந்ததால் சீக்கிரமே பொடியாகிப் போயின. டெல்டாக் காற்றில் அந்தக் கவலை இல்லை.

பித்தளை லீவர் பூட்டுக்குத்தான் இது. இரும்புக் கீலுக்கு கிரீஸே போடுங்கள், ஈரக்காற்றில் கிராஃபைட் இரும்பின் துருவைத் தூண்டும். தூளைக் கொட்டகைக்குள் வைத்து ஊதவும் வேண்டாம், அது மின்சாரம் கடத்தும், ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் போனால் வம்பு.