ஐம்பத்தைந்துக்கு மேல் மாரத்தான் பயிற்சி: முதலில் வாட்சைச் சரிசெய்யுங்கள்

சேலம் காந்தி ஸ்டேடியத்தில் காலையில் ஓட வரும் என் வயதுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி, "சார், மெதுவாத்தான் ஓடறேன், வாட்ச் சிவப்புலயே நிக்குது, நான் ஓடலாமா வேண்டாமா?" என்பதுதான். ஓடும்போது வாட்ச் காட்டும் இதயத் துடிப்பை எப்படிச் சரியாக அமைத்துப் பயிற்சி செய்வது என்பதற்காகத்தான் இந்தப் பதிவு. ஷூ, வார்ம்-அப் எல்லாம் இதில் இல்லை. பத்து கிலோமீட்டர் நிற்காமல் ஓடுகிறீர்கள், இதய டாக்டரைப் பார்த்து அனுமதி வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வாங்கவில்லை என்றால் அதை முடித்துவிட்டு வாருங்கள், அவசரமே இல்லை.

படி 1: தேதி

சென்னை மாரத்தான் வழக்கமாக ஜனவரியில் வருகிறது. அங்கிருந்து 18 வாரம் பின்னால் எண்ணினால் ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர் தொடக்கம். சேலத்து ஏப்ரல், மே வெயிலில் லாங் ரன்னை (நீண்ட தூர ஓட்டத்தை) கூட்ட வேண்டியதில்லை என்பதால் நமக்கு இது தோதான காலம். இணையத்தில் கிடைக்கும் அட்டவணைகளில் வாராவாரம் லாங் ரன் இருக்கும். அதைப் பத்து நாளுக்கு ஒன்றாக மாற்றிக்கொள்ளுங்கள், நம் வயதில் தசை தேறுவதற்குக் கூடுதல் நாள் பிடிக்கும்.

படி 2: காலைத் துடிப்பு

எழுந்ததும், படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன், மணிக்கட்டில் விரல் வைத்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நாலால் பெருக்கினால், ஒரு துடிப்பு தவறும்போது கணக்கில் நான்கு தவறும். ஒரு வாரம் எண்ணி சராசரி எடுங்கள். இது அடுத்த படிக்கு வேண்டும். அதோடு, ஒருநாள் காலையில் இந்த எண் வழக்கத்தைவிட ஏழெட்டு கூடுதலாக இருந்தால், தூக்கம் போதவில்லை, அல்லது உடம்பு எதையோ எதிர்த்துப் போராடுகிறது. அன்று நடந்தால் போதும்.

படி 3: உச்சத் துடிப்பு

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நிறைய வாட்சுகள், நீங்கள் ஒன்றும் மாற்றாவிட்டால், 220-லிருந்து வயதைக் கழித்து அதையே உங்கள் உச்சத் துடிப்பாக, அதாவது முழு மூச்சாக ஓடும்போது இதயம் நிமிடத்துக்கு எட்டும் அதிகபட்ச எண்ணாக, வைத்துக்கொள்ளும். 60 வயதுக்காரருக்கு 160. பிறகு அதில் 60 முதல் 70 சதவீதம்தான் 'ஈசி' என்று சொல்லும், அதாவது 96 முதல் 112 வரை. ஓடிப் பழகிய 60 வயதுக்காரர்கள் பலருக்கு அந்த எண் வேகமாக நடந்தாலே வந்துவிடும். அவர் 134-ல் நிதானமாகப் பேசிக்கொண்டே ஓடினால்கூட வாட்ச் அதை 84 சதவீதம் என்று கணக்குப் போட்டு, கடும் உழைப்பு என்று எச்சரிக்கும். மனிதர் பயந்து நின்றுவிடுவார்.

2001-ல் வந்த டனாகா சூத்திரம் வயதானவர்களுக்கு இன்னும் பொருத்தமானது. வயதை 0.7-ஆல் பெருக்கி 208-லிருந்து கழியுங்கள். 60 வயதுக்கு 166 வரும். இதுவும் சராசரிதான், ஆளுக்கு ஆள் பத்து துடிப்போ அதற்கு மேலோ கூடும், குறையும். ஆனால் தொடங்குவதற்குப் போதும்.

அடுத்து, வாட்ச் செட்டிங்கில் உச்சத்தின் சதவீதம் என்று இருப்பதை 'ஹார்ட் ரேட் ரிசர்வ்' (உச்சத்துக்கும் காலைத் துடிப்புக்கும் உள்ள இடைவெளி) என்று மாற்றுங்கள். கணக்கு இப்படி: உச்சம் 166, காலைத் துடிப்பு 60, இடைவெளி 106. அதில் 60 சதவீதம் ஏறத்தாழ 64, அதோடு 60-ஐக் கூட்டினால் 124. 70 சதவீதத்துக்கு இதே கணக்கில் 134. ஆக ஈசி ரன் 124 முதல் 134 வரை. சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேசிப் பாருங்கள். நடுவில் மூச்சு வாங்கினால் எண்ணைக் குறைத்துக்கொள்ளுங்கள், வாட்சை விட அந்தச் சோதனையை நம்பலாம்.

ஆஸ்பத்திரியில் எடுத்த டிரெட்மில் டெஸ்ட் ரிப்போர்ட்டில் இருக்கும் அதிகபட்சத் துடிப்பை அப்படியே வாட்சில் போடாதீர்கள். பல இடங்களில் வயதுக் கணக்கில் 85 சதவீதத்தைத் தொட்டதும் டெஸ்ட்டை நிறுத்திவிடுவார்கள். அது உங்கள் உச்சம் ஆகாது.

மெதுவாக ஓடினால் எப்படி முன்னேறுவது என்று கேட்பவர்களுக்கு எட் விட்லாக்கைச் சொல்வேன். 2004-ல், 73 வயதில், 2 மணி 54 நிமிடம் 48 நொடியில் மாரத்தான் முடித்த கனடாக்காரர். அவருடைய பயிற்சியில் பெரும்பகுதி வீட்டுக்குப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் மணிக்கணக்கில் மெதுவாக ஓடியதுதான்.

படி 4: மார்புப் பட்டை வாங்குங்கள்

விலை உயர்ந்த வாட்சுக்குக் கொடுக்கும் பணத்தில் சாதாரண வாட்சும், மார்பில் கட்டித் துடிப்பை அளக்கும் பட்டையும் வாங்குவதே மேல் என்பது என் உறுதியான கருத்து. மணிக்கட்டு சென்சார் ஓடும்போது சில சமயம் நாடியை விட்டுவிட்டுக் காலடியைப் பிடித்துக்கொள்ளும். துடிப்பும் நிமிடத்துக்கான காலடி எண்ணிக்கையும் இரண்டுமே 168 என்று காட்டினால் அதுதான் நடக்கிறது. டிசம்பரில் ஏற்காட்டில் கை சில்லிட்டுப் போயிருக்கும்போது, தோலில் ரத்த ஓட்டம் குறைவதால், இன்னும் மோசம். பட்டையின் உள்பக்கத்தைத் தண்ணீரில் நனைத்துவிட்டுக் கட்டுங்கள், காய்ந்த பட்டை முதல் பத்து நிமிடம் கண்டபடி காட்டும்.

படி 5: நோட்டும் மாதச் சோதனையும்

ஆப் எதுவாக இருந்தாலும் சரி, ஒரு கோடு போட்ட நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். என் நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: "14 கி.மீ. / சராசரி 130 / 26 டிகிரி / தூக்கம் 6 மணி / இடது கெண்டைக்கால் இறுக்கம்." அந்தக் கடைசிப் பகுதிதான் தங்கம். கெண்டைக்கால் மூன்று வரியில் தொடர்ந்து வந்தால் நான்காவது ஓட்டத்தை விட்டுவிடுங்கள்.

மாதம் ஒருமுறை, அதே டிராக்கில், அதே நேரத்தில், 15 நிமிடம் வார்ம்-அப் செய்துவிட்டு, துடிப்பை 130-லேயே பிடித்துக்கொண்டு 5 கிலோமீட்டர் ஓடுங்கள். 400 மீட்டர் டிராக்கில் பன்னிரண்டரை சுற்று. நேரத்தை எழுதுங்கள். துடிப்பு மாறாமல் நேரம் குறைந்தால் அதுதான் முன்னேற்றம். இருபது வருடத்துக்கு முந்தைய வேகத்தோடு ஒப்பிட்டு மனம் உடைவதைவிட இது நேர்மையான அளவு. வெப்பத்தையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறும்போது அதே வேகத்துக்குத் துடிப்பும் ஏறும், மே மாத எண்ணை ஜனவரி எண்ணோடு வைத்துப் பார்க்கக் கூடாது.

லாங் ரன்னுக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் தண்ணீர் குடித்திருக்கிறீர்கள், அதுவும் ஆபத்துதான்.

ஏற்காடு மலைப்பாதைக்கு வேறு கணக்கு

சேலம் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்குள், ஏற்காடு 1,500 மீட்டர், நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். இங்கே கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று பார்ப்பதில் அர்த்தமே இல்லை. அடிவாரத்திலிருந்து ஐந்தாவது வளைவு வரை, அதே துடிப்பில், எத்தனை நிமிடம் என்று மட்டும் எழுதுங்கள். வளைவுகளில் ஜிபிஎஸ் கோடு குறுக்கே வெட்டித் தூரத்தைக் குறைத்துக் காட்டும், அதனால் வாட்சில் பதிவு இடைவெளியை ஒவ்வொரு நொடிக்கும் என்று மாற்றுங்கள்.

இறக்கத்தில் ஓடாதீர்கள், பஸ்ஸில் திரும்புங்கள். ஏற்றத்தை விட இறக்கம்தான் முன்தொடையைக் கிழிக்கும், தேறுவதற்கு நாள் கணக்கில் ஆகும். வெளிச்சம் வந்த பிறகு ஏறுங்கள். எதிரே வரும் வண்டி தெரிகிற பக்கமாக ஓடுங்கள், வளைவில் அந்தப் பக்கம் வெளிப்பக்கமாக இருக்கும். ஞாயிறு வேண்டாம், சுற்றுலா வண்டிகள் நிறைய.

பின்சேர்க்கை: ரத்தக்கொதிப்பு மாத்திரை

இதைப் படித்த இரண்டு பேர், "சூத்திரப்படி 125 வரவேண்டும், எவ்வளவு முயன்றாலும் 110 தாண்டவில்லை" என்று கேட்டார்கள். இருவரும் பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்கள். அட்டெனலால், மெட்டோப்ரலால் போன்ற மருந்துகள் துடிப்பை ஏற விடாது, அதுதான் அவற்றின் வேலை. அவர்களுக்கு மேலே உள்ள சூத்திரம் எதுவும் பொருந்தாது. எண்ணை எட்டுவதற்காக வேகத்தைக் கூட்டாதீர்கள், ஓடுவதற்காக மாத்திரையை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். நோட்டில் துடிப்புக்குப் பதில் சிரமத்தை ஒன்று முதல் பத்து வரை மதிப்பிட்டு எழுதுங்கள். ஈசி ரன் என்றால் மூன்று, நான்குக்குள் இருக்க வேண்டும். மாதச் சோதனையையும் அதே சிரம அளவில் ஓடி, மாத்திரையின் பெயரையும் அளவையும் அந்தப் பக்கத்தின் தலையில் எழுதி வையுங்கள். டாக்டர் அளவை மாற்றினால் பழைய கணக்கை விட்டுவிட்டுப் புதிய பக்கத்தில் தொடங்குங்கள்.