எஸ்டேட் வேலையில் அடிபட்டால் முதலில் ஓ.பி. சீட்டைப் பாருங்கள்

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்பவர்களுக்கு முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். கவ்வாத்துக் கத்தி பட்டாலும் சரி, மழையில் சரிவில் வழுக்கிக் கால் உடைந்தாலும் சரி, ஆஸ்பத்திரிக்குப் போனதும் "எஸ்டேட்டில் வேலை செய்யும்போது அடிபட்டது" என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். சீட்டில் அப்படியே எழுதியிருக்கிறதா என்றும் படித்துப் பாருங்கள். கூட வந்த கங்காணி பேச்சைக் கேட்டு "வீட்டில் விழுந்தார்" என்று எழுதிவிட்டால் பின்னால் கேஸே ஆட்டம் காணும். அன்றைக்கு எடுத்த கொழுந்தின் எடைச் சீட்டு, சம்பளச் சீட்டு, பக்கத்தில் நின்றவர்களின் பெயர், எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். தோட்டத்துக்கும் எழுத்தில் தகவல் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். வெற்றுத் தாளில் மட்டும் கைநாட்டு வைக்கவே வைக்காதீர்கள்.

இழப்பீட்டுக்கு 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வைத்த கெடு, விபத்து நடந்து 2 வருடம். அதன் இடத்தில் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருப்பதால் தள்ளிப்போடாமல் சீக்கிரமே மனு கொடுப்பது நல்லது. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்தால் வழி வேறு; அங்கேதான் கேட்க வேண்டும். காட்டெருமை முட்டியதா? வனத்துறை நிவாரணத்தோடு நிற்காதீர்கள், வேலை நேரத்தில் நடந்திருந்தால் முதலாளியிடமும் கேட்கலாம்.

அப்புறம் வக்கீல் செலவு. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர்கள் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி உரிமையாகவே உண்டு. ஊட்டியில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம், அல்லது 15100-க்குப் போன் போடலாம்.