நாவலில் ஒரு ஆளை உருவாக்குவது எப்படி? ஒரு பால்வெட்டுக்காரரை வைத்துப் படிப்படியாக

முதல் நாவலுக்குக் குறிப்பு எடுக்கிறவர்கள் பெரும்பாலும் "நல்லவர், முன்கோபி, பாசக்காரர்" என்று எழுதித்தான் தொடங்குவார்கள். இந்த மூன்று சொல்லும் யாருக்கும் பொருந்தும். அதனால்தான் ஐம்பது பக்கம் தாண்டியதும் அந்த ஆள் என்ன செய்வார் என்று எழுதுகிறவருக்கே தெரியாமல் போகிறது. குணத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு வேலையைப் பிடியுங்கள்.

இங்கே நாம் உருவாக்கப்போகும் ஆள் தங்கையன். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர், அதாவது மரப்பட்டையைக் கத்தியால் சீவிப் பால் எடுக்கிறவர், வயது 52. கதை நடப்பது 2018 ஜூன், ஜூலையில். ஒரு 80 பக்க நோட்டு போதும்.

படி 1: ஒரு நாளை மணி வாரியாக எழுதுங்கள்

காற்றும் வெயிலும் ஏறுவதற்கு முன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். ஆகவே தங்கையன் மூன்று மணிக்கு எழுவார், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். சுமார் 300 மரம் வெட்டவேண்டும். வெட்டி முடித்து, பால் சொட்டி நின்றபிறகு, சிரட்டை சிரட்டையாக எடுத்து வாளியில் ஊற்றவேண்டும். பிறகு ஆசிட் விட்டு உறையவைத்து ஷீட் அடிக்கவேண்டும். முந்தின வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை, வெட்டுவதற்கு முன்பே உரித்துச் சேர்த்துவைக்கவேண்டும். ஷீட்டைவிட அதற்கு விலை குறைவு, ஆனாலும் காசுதான்.

இதை எழுதி முடித்ததுமே கதைக்குச் சில விதிகள் கிடைத்துவிடும். இரவு எட்டு மணிக்குத் தூங்கப்போகிற மனிதரைப் பதினொரு மணிக்கு முற்றத்தில் உட்காரவைத்து மகளோடு பேசவைக்க முடியாது. அப்படி ஒரு காட்சி வேண்டுமென்றால், அன்று அவர் ஏன் தூங்கவில்லை என்பதற்குக் காரணம் வேண்டும்.

மழையும் அப்படித்தான். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. மரத்தில் மழைக்கு பிளாஸ்டிக் கட்டாத தோட்டத்தில் நல்ல மழை பெய்தால் அன்று வெட்டு இல்லை, கூலியும் இல்லை. புதிதாக எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் மழையை ஒரே மாதிரி இனிமையாக எழுதிவிடுகிறார்கள். தங்கையனோ விடியுமுன் ஓட்டில் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்துக் கிடப்பார்.

படி 2: வயதுக் கணக்கு

இடதுபக்கம் ஆண்டு, வலதுபக்கம் அவருடைய வயது. பத்துப் பன்னிரண்டு வரி போதும். தங்கையன் பிறந்தது 1966. அவருடைய அப்பா பிறந்தது 1943. 1956 நவம்பர் 1 அன்று இந்த மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) சேர்ந்தபோது அப்பாவுக்கு வயது 13. மலையாளப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பையன் என்று வைத்தால், கடைசிவரை கடன் கணக்கை மலையாளத்தில் எழுதிய அப்பாவாக அவர் வரலாம். அந்த நோட்டைப் படிக்கத் தெரியாத மகனாகத் தங்கையன் வரலாம்.

2004 சுனாமியின்போது அவருக்கு 38. மலையடிவாரத்தில் இருந்தவர் அவர், அதைப் பெரிதாக நுழைக்கவேண்டாம். 2017 நவம்பர் 30 ஓகிப் புயல் வேறு விஷயம். அது ரப்பரையும் வாழையையும் சாய்த்துப்போட்டது. அவருடைய 300 மரத்தில் 90 விழுந்தன, மீதி 210 என்று வையுங்கள், 2018-ன் வருமானம் கணக்காகக் கையில் வந்துவிடும். ஊருக்கு நடந்ததையெல்லாம் ஒரே ஆளின் தலையில் ஏற்றினால் வாசகர் நம்பமாட்டார்.

படி 3: ஆசைக்குத் தொகையும் தேதியும் போடுங்கள்

"மகள் நன்றாக இருக்கவேண்டும்" என்பதை வைத்து ஒரு காட்சிகூட எழுத முடியாது. இப்படி எழுதுங்கள்: மகளின் நர்சிங் படிப்புக்காக மனைவியின் 2 பவுன் வளையல் அடகில் இருக்கிறது, ஆவணியில் மனைவியின் அண்ணன் வீட்டுக் கல்யாணம், அதற்குள் மீட்கவேண்டும். வெறுங்கையை யார் முதலில் கவனிப்பார் என்பதையும் எழுதுங்கள். நாத்தனார் என்றால் ஒரு கதை, அண்ணன் என்றால் இன்னொரு கதை.

படி 4: முரண், அதற்கு ஒரு வேர்

ஒட்டுப்பாலைக்கூட மண்ணிலிருந்து பொறுக்குகிற இந்த மனிதர், அதே மாதம் தம்பிக்கு 5,000 ரூபாயை ஒரு கேள்வி கேட்காமல் கொடுக்கிறார். காரணம் இல்லாமல் இப்படி எழுதினால் பிழை மாதிரித் தெரியும். தம்பி எட்டாம் வகுப்போடு நின்று வேலைக்குப் போனதால்தான் தங்கையன் பத்துவரை படித்தார் என்று நோட்டில் இருந்தால் போதும். நாவலில் அதைப் பாதி தாண்டியபிறகு ஒரே வரியில் சொல்லுங்கள்.

படி 5: ஒரே செய்தி, மூன்று பேரிடம்

இந்தப் பயிற்சிக்கு மட்டும் ஒரு மாலை முழுவதும் ஒதுக்குங்கள். செய்தி: நாளை அவர் வேலைக்குப் போகமாட்டார்.

மனைவியிடம்: "ஏட்டி, நாளைக்கு வெட்டு இல்ல. மொதலாளி வேண்டாம்னு சொல்லியாச்சு."

தோட்டக்காரரிடம்: "மொதலாளி, நாளைக்கு ஒரு நாளு மட்டும்... மேலுக்கு சொகமில்ல."

பக்கத்துத் தோட்டத்தில் வெட்டுகிறவரிடம்: "மக்கா, எனக்க கீழ்த்தட்டு மரம் மட்டும் சேத்து வெட்டிருவியா? தம்பிக்க சோலி ஒண்ணு உண்டு."

மூன்றாவதுதான் உண்மை. யாரிடம் பொய், யாரிடம் உண்மை என்பதிலேயே ஆள் தெரிந்துவிடுகிறார்.

வட்டார வழக்கை ஒரு வரிக்கு இரண்டு மூன்று இடத்தில் தொட்டால் போதும். "எனக்க", "தம்பிக்க" என்ற உருபே ஊரைச் சொல்லிவிடும். வரிக்கு வரி "லே" போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. நாஞ்சில் நாட்டுப் பேச்சு, விளவங்கோட்டுப் பேச்சு, கடற்கரைப் பேச்சு மூன்றும் வேறுவேறு. குளச்சல் மீனவர் வாயில் தோவாளைப் பூக்காரரின் பேச்சை வைத்துவிடாதீர்கள். உறவுமுறைச் சொற்கள் சமுதாயத்துக்குச் சமுதாயம் மாறும், கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

படி 6: உணர்ச்சியைக் கையில் காட்டுங்கள்

பல்லைக் கடித்தார், கண் சிவந்தது என்பதெல்லாம் யாருக்கும் பொது. தங்கையனுக்கென்று ஒரு கத்தி இருக்கிறது. நல்ல வெட்டு என்பது பட்டைக்கு உள்ளே இருக்கும் தடியைத் தொடாமல், ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டு நிற்பது. கோபத்தில் கை அழுந்தினால் கத்தி தடியில் படும். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அதில் சரியாக வெட்ட முடியாது. தம்பியோடு சண்டை போட்ட மறுநாள் நாலு மரத்தில் காயம். தோட்டக்காரர் அதை விரலால் தடவிப் பார்க்கிறார். கோபம் என்ற சொல்லே வேண்டாம்.

படி 7: சோதனைக் காட்சி

நாவலில் சேராத 300 சொல் காட்சி ஒன்று எழுதுங்கள். மூன்று மணி, மழை, அடகு வளையல், பக்கத்தில் விழித்துக் கிடக்கும் மனைவி. எழுதியபின் தங்கையன் பெயரை அடித்துவிட்டு ஒரு பள்ளி ஆசிரியர் பெயரைப் போட்டுப் படியுங்கள். காட்சி அப்படியே பொருந்தினால் படி 1-க்கும் 3-க்கும் திரும்பிப் போகவேண்டும்.

துணை மாந்தருக்கு இவ்வளவு தேவையில்லை. அந்தக் காட்சியில் அவருக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரி போதும். அடகுக் கடைக்காரர் மதியச் சாப்பாட்டுக்குக் கடையைப் பூட்டப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

நோட்டில் இருப்பதில் பெரும்பகுதி நாவலில் வராது. முதல் அத்தியாயத்திலேயே பிறந்த ஆண்டு, கடன், தம்பி எல்லாவற்றையும் கொட்டவேண்டாம். ஒவ்வொரு அத்தியாயமும் முடிந்ததும் வயது, தொகை, மீதி மரம் மூன்றையும் நோட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஏழாம் அத்தியாயத்தில் 210 மரம் வெட்டியவர் பதினொன்றில் மறுபடி 300 வெட்டினால், குலசேகரத்து வாசகர் அந்த இடத்தில் நின்றுவிடுவார்.