தமிழ்க் கோப்பு கிறுக்கலாகத் திறக்கிறதா? சேமிக்கும் முன் இதைச் செய்யுங்கள்

தைப்பூசக் கொடியேற்றத்துக்கு முந்தின வாரம், கோவிலில் பாடுவதற்காகத் திருப்புகழ்ப் பாடல்களை அச்செடுக்க உட்கார்ந்தேன். பத்துப் பதினைந்து கோப்புகள். பெரும்பாலானவை ஒழுங்காகத் திறந்தன. மூன்று மட்டும் நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற எடிட்டரில் (உரைக் கோப்பைத் திறந்து திருத்தும் மென்பொருள்) ஒரு தமிழ் எழுத்துகூட இல்லாமல் வந்தன. தலையில் சாய்கோடு வைத்த பிரெஞ்சு 'ஆ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', திரும்பத் திரும்ப இதுவே.

உங்கள் திரையிலும் இப்படித் தெரிந்தால் பயப்பட வேண்டாம், தமிழ் உள்ளே பத்திரமாக இருக்கிறது. எழுத்துகளைக் கணினியில் எண்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் (சேமிப்பு அலகு). அவற்றில் முதலாவது எப்போதும் ஒன்றேதான். அதை ஆன்சி, அதாவது விண்டோஸின் பழைய மேற்கத்திய எழுத்து முறை, என்று எடுத்துக்கொண்டு படித்தால் அந்தப் பிரெஞ்சு எழுத்து வரும்.

எடிட்டர் ஏன் ஆன்சி என்று எடுத்துக்கொண்டது? அந்த மூன்றிலும் பாடலுக்குக் கீழே பிரெஞ்சில் பொருள் இருந்தது. மொரிசியஸில் வளரும் நம் பிள்ளைகளுக்கு அது கட்டாயம் வேண்டும். ஆனால் அந்தப் பகுதியை ஆன்சியில் இருந்த வேறொரு கோப்பிலிருந்து, கமாண்ட் விண்டோவில் காப்பி கட்டளை கொடுத்து நான்தான் ஒட்டியிருந்தேன். ஆன்சியில் சேமித்த, கோடு வைத்த 'ஏ' ஒன்றே ஒன்று இருந்தாலும் போதும், யூடிஎஃப்-8 விதி உடைந்துவிடும். எடிட்டர் மொத்தக் கோப்பையும் ஆன்சி என்று தீர்மானித்துவிடும்.

சரி, முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். அப்புறம் என்கோடிங் மெனுவில் மேலே உள்ள 'யூடிஎஃப்-8'ஐச் சொடுக்குங்கள்.

இங்கே நிதானம் வேண்டும். அதே மெனுவில் கீழே 'கன்வர்ட் டு யூடிஎஃப்-8' என்று இன்னொன்று இருக்கிறது. நான் அதைத்தான் அழுத்திச் சேமித்தேன். மேலே உள்ளது பைட்டுகளைத் தொடாமல் வேறு விதமாகப் படித்துக் காட்டும். கீழே உள்ளது திரையில் தெரியும் கிறுக்கலையே உண்மையான எழுத்தாக மாற்றி எழுதிவிடும். ஏற்கெனவே அழுத்திவிட்டீர்களா? 'கன்வர்ட் டு ஆன்சி' கொடுத்து, பிறகு மேலே உள்ள 'யூடிஎஃப்-8'ஐச் சொடுக்கினால் தமிழ் திரும்பும். கிறுக்கலை வேறு இடத்துக்குக் காப்பி செய்து சரிபார்க்க மட்டும் போகாதீர்கள். புள்ளியின் கடைசி பைட்டுக்கு விண்டோஸின் மேற்கத்திய எழுத்துப் பட்டியலில் எழுத்தே கிடையாது. சில மென்பொருள்கள் அதை உதிர்த்துவிடும், 'பக்தி' என்பது 'பகதி' ஆகிவிடும்.

தமிழ் வந்ததும் பிரெஞ்சு வரிகளில் கறுப்புக் கட்டங்கள் தெரியும். அவைதான் உடைந்த எழுத்துகள். ஒவ்வொன்றையும் அழித்துப் புதிதாகத் தட்டச்சு செய்து சேமியுங்கள். ஒன்றை விட்டாலும் அடுத்த முறை பழையபடி கிறுக்கல்தான்.

இந்த வேலைக்கு நோட்பேட் பிளஸ் பிளஸையே பரிந்துரைப்பேன். விஎஸ் கோட் என்ற எடிட்டரிலும் முடியும், ஆனால் 'ரீஓப்பன் வித் என்கோடிங்' கொடுங்கள், 'சேவ் வித் என்கோடிங்' வேண்டாம்.

பிற்சேர்க்கை: ஒரு வாசகரின் கோப்பில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகவே இருந்தன. அது ஆங்கில எழுத்துகளையே தமிழ் வடிவில் காட்டும் பாமினி எழுத்துருவில் அடித்தது. அங்கே என்கோடிங் மெனு உதவாது, பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் எழுத்துரு மாற்றிதான் வேண்டும்.