மலையில் தொடர்மாடி: பசுமையைக் கூரையில் தேடாதீர்கள்

தொடர்மாடி விளம்பரத்தில் கூரை நிறைய சோலார், பால்கனி நிறையப் பூச்சட்டி. பின்பக்கம் போய்ப் பார்த்தால் பெக்கோ இயந்திரம் வைத்து மலையை நெட்டுக்குத்தாக அறுத்திருப்பார்கள். மலையகத்தில் அட்டனிலோ பண்டாரவளையிலோ வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது, முதலில் அந்தப் பின்பக்கத்தைப் பாருங்கள் என்றுதான்.

சரிவைத் தட்டையாக்குவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. மேலே வெட்டிய மண்ணைக் கீழே கொட்டி நிரப்பி, அதன்மேல் தூண் எழுப்புகிறார்கள். கட்டிடத்தின் பாதி கெட்டித் தரையிலும் மறுபாதி கொட்டிய மண்ணிலும் நிற்கும். கொட்டிய மண் மழைக்கு மழை அமுங்கும், வெடிப்பு அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கும். மலைக்கோ அடிக்கால் போய்விட்டது. மிச்ச மண் ஓடையில் இறங்கி, அட்டன் பக்கமென்றால் கடைசியில் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களில் படியும். அந்தத் தண்ணீரில்தான் நமக்கு மின்சாரமும் வருகிறது.

சரிவோடு படிப்படியாக இறக்கிக் கட்டினால் வெட்டு குறையும். இன்னொரு லாபமும் உண்டு. பாதை கட்டிடத்தின் நடுத்தளத்துக்கு நேராக வருமாறு அமைத்தால், நாலு மாடியில் எவரும் இரண்டு மாடிக்கு மேல் ஏறவோ இறங்கவோ வேண்டியதில்லை. பெரும்பாலும் லிஃப்டும் அதற்கான மின்கட்டணமும் மிச்சம்.

அடுத்தது தண்ணீர். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கான் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி, மழைத்தண்ணீரை மெதுவாகத் திருப்பி ஓடையில் விடுவார்கள். கட்டிடம் கட்ட வருகிறவர்கள் முதலில் மூடுவது அந்தக் கானைத்தான்! பிறகு பின்பக்கம் கனமான கொங்கிரீட் தாங்குசுவர் எழுப்பி, நீர் கசிய ஓட்டை விடாமல் பூசிவிடுவார்கள். சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கத் தேங்க அழுத்தம் கூடும். சுவர் எவ்வளவு தடிப்பு என்பதைவிட, அதன் பின்னால் சல்லி நிரப்பி நீர் வடிய வழி விட்டிருக்கிறதா என்பதே முக்கியம். மேல்விளிம்பில் ஒரு கான், வெட்டிய சரிவில் வெட்டிவேர்: இவை இரண்டுக்கும் பெரிய செலவில்லை.

ஊற்றுத்தண்ணீர் விழும் பீலி இருந்த இடத்தில் வீடு கட்டாதீர்கள். குழாய் போட்டுத் திருப்பிவிட்டோம் என்பார்கள். ஊற்று குழாய்க்குக் கட்டுப்பட்டதாக நான் இதுவரை பார்க்கவில்லை. மலசலகூடக் குழியும் இதே கணக்குத்தான். இருபது குடும்பத்தின் கழிவுநீரைச் சரிவின் தலைமாட்டில் ஊறவிட்டால் மண்ணும் இளகும், கீழே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருப்பவர்கள் குடிக்கும் தண்ணீரும் கெடும். முதலில் சுத்திகரித்து, சரிவை விட்டுத் தள்ளிக் கொண்டுபோய் விட வேண்டும்.

மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டிட அனுமதிக்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். காணிக்கு முற்பணம் கட்டிவிட்டு அறிக்கைக்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம். கையில் கிடைத்தாலும் அதிலுள்ள நிபந்தனைகளைப் படிப்பதில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்து மீரியபெத்தயில் மண்சரிவில் லயங்களே மண்ணுக்குள் போனதைப் பார்த்தோம், 2025 நவம்பரில் டித்வா புயல் மழையையும் பார்த்தோம். இன்னும் ‘ஃபைலுக்கு ஒரு பேப்பர்’ என்று நினைத்தால் என்ன சொல்வது?

மழைக்காலக் கணக்கிலும் ஏமாறுகிறார்கள். அட்டன் பக்கம் தென்மேல் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை. மண்வேலையைத் தையிலிருந்து பங்குனிக்குள் முடிப்பார்கள். அதே மேசன் குழு அந்தக் கணக்கோடு பதுளைப் பக்கம் போனால், ஜனவரியில் வடகீழ் மழையில் மாட்டிக்கொள்ளும். அங்கே உலர்ந்த காலம் ஜூனிலிருந்து ஓகஸ்ட் வரை.

கொழும்புப் பிளானை அப்படியே கொண்டுவருவது வேறொரு வியாதி. அங்கே வெயிலைத் தடுக்கப் பார்ப்பார்கள், நுவரெலியாவில் வெயிலைக் கூப்பிட வேண்டும். படுக்கையறை யன்னல் கிழக்கே இருந்தால் தை மாதக் குளிரில் காலை வெயில் உள்ளே வரும். சுவர் முழுக்கக் கண்ணாடி அழகுதான், ஆனால் பகலில் சேர்ந்த சூடு இரவில் அதன் வழியே போய்விடும், அறைக்கு ஹீட்டர் வேண்டும். உள்ளே வெப்பத்தடுப்பு இல்லாத தகரக் கூரையில் பனி வியர்த்துச் சொட்டும், பூஞ்சணம் பிடிக்கும். குளிருக்குப் பயந்து காற்றோட்டத்தை அடைத்தால் அது இன்னும் மோசமாகும்.

கூரைக்கு வந்தால் சோலாருக்கு முன் மழைநீர்த் தாங்கி. 100 சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 100 லீற்றர். துணி துவைக்கவும் மலசலகூடத்துக்கும் மழைத்தண்ணீரே போதும். தாங்கி நிரம்பி வழிவது கானுக்குப் போக வேண்டும், தாங்குசுவருக்குப் பின்னால் போகக்கூடாது.

கூரையில் ஒரு மழைமானியும் வையுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் பின்சுவரைப் போய்ப் பார்க்க வேண்டும். 100 தாண்டினால் பையைக் கட்டி வைக்க வேண்டும். 150 தாண்டினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் வெளியேற வேண்டும்.