சக்கரத்தில் பிரேக் தூசும் டிஸ்க்கில் துருவும்: கழுவிப் பராமரிக்கும் முறை

காரைக் கழுவிய ஒரு வாரத்திற்குள் முன் சக்கரங்கள் இரண்டும் கறுத்துப்போவதையும், பின் சக்கரங்கள் ஏறக்குறைய அப்படியே இருப்பதையும் பலரும் கவனித்திருப்பார்கள். சாலைப் புழுதியாக இருந்தால் நான்கு சக்கரங்களிலும் ஒன்றுபோலப் படியும். முன்னால் மட்டும் கூடுதலாகப் படிவது பிரேக் தூசு. பிரேக்கை மிதிக்கும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன் பிரேக்குகளே செய்கின்றன. மேலும், நம் ஊரில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் திறந்த தட்டு), பின்னால் டிரம் (மூடிய உருளை) என்ற அமைப்பே இருப்பதால், பின் பிரேக்கின் தூசு பெரும்பாலும் டிரம்முக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

இந்தத் தூசில் முதன்மையானது இரும்பு. டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. அதை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் பேடில் எஃகு இழை, கார்பன், இவற்றைப் பிணைக்கும் பிசின் எனப் பலவும் கலந்திருக்கும். இரண்டும் உரசும்போது சூடாகத் தெறிக்கும் நுண்துகள்கள் சக்கரத்தின் பெயின்ட் மேல் ஒட்டிக்கொள்கின்றன. தண்ணீரும் காற்றின் ஈரமும் பட்டதும் அவை அங்கேயே துருப்பிடித்து, பெயின்ட்டின் மேல்பூச்சைக் கவ்விக்கொண்ட பழுப்புப் புள்ளிகளாக மாறுகின்றன. அலாய் வீல் அலுமினியக் கலவை என்பதால் அதற்குப் பழுப்புத் துரு பிடிக்காது. அதன் மேல் காணும் பழுப்புப் புள்ளி பிரேக்கிலிருந்து வந்த இரும்பே. பிளாஸ்டிக் கப் மாட்டிய எஃகு ரிம்மாக இருந்தால் பெயின்ட் உரிந்த இடத்தில் ரிம்மே துருப்பிடித்திருக்கக்கூடும் என்பதால், கப்பைக் கழற்றிப் பார்த்துவிட்டு முடிவுசெய்ய வேண்டும்.

டிஸ்க்கின் துரு இதிலிருந்து வேறுபட்டது. பேட் உரசும் முகத்தில் பெயின்ட்டோ பூச்சோ இருக்க முடியாது. எனவே மழைக்கும் கழுவலுக்கும் பின் ஒரே இரவில் அதன் மேல் ஆரஞ்சு நிறப் படலம் தோன்றுவது இயல்பு. புதிய காரிலும் அது வரும். காலையில் வண்டியை எடுத்துச் சில முறை பிரேக் பிடித்தால் பேடே அதைச் சுரண்டி எடுத்துவிடும். சக்கரத்தைத் தண்ணீராலும் மருந்தாலும் சுத்தம் செய்யலாம். டிஸ்க்கின் உரசும் முகத்தைச் சுத்தம் செய்யப் பிரேக் பிடிப்பதுதான் சரியான வழி. இந்த வேறுபாடு தெரியாமல் துருவைத் தடுப்பதாக எண்ணி டிஸ்க்கில் எண்ணெயோ மெழுகோ தெளிப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படித் தெளித்தால் எண்ணெய் பேடில் ஊறி, பிரேக் பிடிக்காமலே போகலாம்.

கழுவத் தொடங்கும் முன் சக்கரம் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையோ, ஆழியாறிலிருந்து வால்பாறைக்குச் செல்லும் 40 வளைவுகளையோ இறங்கி வந்த வண்டியில் டிஸ்க்கின் வெப்பம் சில நூறு டிகிரி செல்சியஸ் வரை உயர்ந்திருக்கக்கூடும். அடிவாரத்தில் நிறுத்தியவுடன் அதன் மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் டிஸ்க் சீரற்றுச் சுருங்கிக் கோணவும் விரிசல் விடவும் வாய்ப்புண்டு. நகரத்தில் ஓட்டிய வண்டிக்கும் அரை மணி நேரமாவது நிழலில் ஓய்வு கொடுப்பது நல்லது, ஏனெனில் சூடான சக்கரத்தில் ஷாம்பூவும் மருந்தும் உடனே காய்ந்து கறையாகிவிடும்.

உலர்ந்த தூசைத் துணியால் தட்டுவதையும் காற்றுக் குழாயால் ஊதுவதையும் தவிர்க்க வேண்டும். மூச்சில் நுழையும் அளவுக்கு நுண்மையான துகள்கள் இவை. பழைய பிரேக் பேடுகளிலும், டிரம்முக்குள் உரசும் லைனிங்குகளிலும் நுரையீரலுக்குக் கேடான ஆஸ்பெஸ்டாஸ் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. பழைய வண்டியின் டிரம்மைத் திறக்கும்போது இந்த எச்சரிக்கை இரு மடங்கு தேவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் யூரோ 7 என்ற வாகன மாசு விதிகள், புகைக்குழாயோடு நில்லாமல், பிரேக்கிலிருந்து பறக்கும் துகள்களுக்கும் வரம்பு விதித்திருக்கின்றன. ஆகவே முதலில் தண்ணீரைப் பீய்ச்சி நனைப்பதே முறை. அப்போதே தளர்ந்த தூசில் பெரும்பகுதி வழிந்துவிடும்.

வண்டியின் உடற்பகுதியைக் கழுவுவதற்கு முன்பே சக்கரங்களைக் கழுவி முடிக்க வேண்டும். இல்லையெனில் சக்கரத்தின் அழுக்கு துடைத்த கதவில் தெறிக்கும். சக்கரத்திற்கெனத் தனி வாளி, தனித் துணி, மென்மையான தூரிகை ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் துணியில் இரும்புத் துகள்கள் சிக்கியிருக்கும் என்பதால், அதே துணியால் பானட்டைத் துடைத்தால் பெயின்ட்டில் கீறல் விழும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரும் பச்சை ஸ்க்ரப்பரும் வேண்டவே வேண்டாம். பட்டறைகளில் பயன்படும் பனியன் வேஸ்ட் என்ற கழிவுத் துணி எண்ணெய் துடைக்க ஏற்றது; ஆனால் அதன் தையலும் பட்டனும் ரிம்மைக் கீறும் என்பதால் மைக்ரோஃபைபர் துணியே இங்கு நல்லது. கார் ஷாம்பூ கலந்த தண்ணீரில் முதலில் ரிம்மின் முகத்தையும், பிறகு ஆரங்களுக்கு இடையிலுள்ள பகுதியையும், வீல் நட் குழிகளையும், இறுதியாக உட்புறச் சுவரையும் தேய்க்க வேண்டும். கண்ணில் படாத அந்த உட்புறச் சுவரில்தான் தூசு அதிகம் சேர்கிறது. நீண்ட கைப்பிடியுள்ள தூரிகை ஒன்று இருந்தால் சக்கரத்தைக் கழற்றாமலே அங்கே எட்டலாம். ஒவ்வொரு சக்கரத்தையும் முடித்தவுடன் அலசிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும்.

ஷாம்பூவுக்குப் போகாத பழுப்புப் புள்ளிகளுக்கு, இரும்பைக் கரைக்கும் வீல் கிளீனர்கள் கடைகளில் கிடைக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றில் வேலை செய்யும் பொருள் தயோகிளைக்கோலேட் என்ற கந்தகச் சேர்மம். முடி நீக்கும் கிரீம்களிலும் இதே வகைச் சேர்மமே இருப்பதால் இரண்டின் நாற்றமும் ஒத்திருக்கும். கையுறை அணிய வேண்டியதும் அதனால்தான். தெளித்ததும் இரும்புத் துகளோடு வினைபுரிந்து ஊதா நிறமாக வழியும். மூன்று முதல் ஐந்து நிமிடம் வரை விட்டு, மென்மையாகத் தேய்த்து, காய்வதற்குள் நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிட வேண்டும். வெயிலில் இதைச் செய்யக் கூடாது. டிஸ்க்கும் இரும்புதான் என்பதால் அதன் மேல் படும் மருந்தும் ஊதாவாகும். மருந்து அங்கே தங்காதபடி டிஸ்க்கையும், பேடை அதன் மேல் அழுத்தும் கேலிப்பரையும் நன்றாக அலசினால் போதும். இதை ஒவ்வொரு வாரமும் பயன்படுத்தத் தேவையில்லை. வாரம் ஒரு முறை வெறும் ஷாம்பூவால் கழுவப்படும் சக்கரத்திற்கு ஆண்டில் ஓரிரு முறை இந்த மருந்து போதும். ஆறு மாதம் விட்டுவிட்டுக் கடுமையான மருந்தால் ஒரே நாளில் மீட்கலாம் என்ற எண்ணமே சக்கரங்களின் பூச்சைக் கெடுக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

கழிவறைக்கு வாங்கிய ஆசிட்டைச் சக்கரத்தில் ஊற்றுவது பெருந்தவறு. அது தூசை நொடியில் கரைத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் பெயின்ட் உரிந்த அலுமினியத்தை அரித்து, டிஸ்க்கிலும் வீல் நட்டிலும் புதிய துருவை வரவழைக்கும். காஸ்டிக் சோடா கலந்த கிரீஸ் நீக்கிகளும் பளபளப்பாக்கிய அலுமினியத்தை மங்கச் செய்யும். சில மலிவான வீல் கிளீனர்களில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலமோ அதை உண்டாக்கும் உப்போ இருக்கலாம். அது தோல் வழியாக ஊடுருவி எலும்பு வரை பாதிக்கக்கூடியது. குப்பியில் சேர்மானம் அச்சிடப்படாத எதையும் வாங்காதீர்கள்.

வாட்டர் சர்வீஸுக்கு வண்டியை விடுபவர்கள் இரண்டு செய்திகளைச் சொல்லிவிட்டு வர வேண்டும். சில இடங்களில் கழுவிய பின் அடிப்பாகத்தில் டீசலோ எண்ணெயோ அடிப்பார்கள். அந்தத் தெளிப்பு டிஸ்க்கில் படிந்துவிடும் என்பதால் அது வேண்டாம் என்று தெளிவாகக் கூறிவிடுங்கள். டயருக்குப் பூசும் சிலிக்கான் பாலிஷையும் துணியில் தொட்டு டயரின் பக்கச் சுவரில் மட்டும் பூசச் சொல்லுங்கள், ஏனெனில் மிகுதியாகத் தெளித்தால் டிஸ்க்கில் படும் அபாயம் அதற்கும் உண்டு.

அலசி முடித்ததும் துடைப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. போர்வெல் தண்ணீரின் உப்பு, காய்ந்தவுடன் வெள்ளைத் திட்டாக நின்றுவிடும். துடைத்த பின் வண்டியைக் கொட்டகையில் ஏற்றிவிடாமல், போக்குவரத்துக் குறைந்த சாலையில் ஓரிரு கிலோமீட்டர் ஓட்டி, பின்னால் வண்டி வராத இடத்தில் சில முறை மெதுவாகப் பிரேக் பிடிக்க வேண்டும். டிஸ்க்கும் பேடும் சூடாகி உலர்ந்துவிடும்; மறுநாள் துரு படிவது பெருமளவு குறையும்; டிஸ்க்கிலிருந்து துருநீர் சொட்டி ரிம்மில் கறையாவதும் நிற்கும். முழு வேலையிலும் இந்தக் கட்டத்தைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். ஈரம் உலராமல் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பல நாள் நிறுத்தினால் பின் பிரேக்கின் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் கியரில் விட்டு, சக்கரத்திற்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து நிறுத்துவது மேல்.

ஐப்பசி, கார்த்திகை மழையிலும், சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் உப்புக் காற்றிலும் துரு விரைந்து ஏறும். வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் அது மேற்படலத்தோடு நில்லாமல் குழிகளாக இறங்கும். பேட் மூடியிருந்த பகுதியும் மூடாத பகுதியும் தனித்தனியாகத் தெரியும். வாரத்திற்கு ஒரு முறையாவது சிறிது தூரம் ஓட்டினால் இதைத் தவிர்க்கலாம். பல முறை பிரேக் பிடித்த பிறகும் அரைக்கும் சத்தம் நீடித்தாலோ, பெடல் காலடியில் துடித்தாலோ, விரல் நகம் சிக்கும் அளவு வரிப்பள்ளம் இருந்தாலோ மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பொதுவாக அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும்; தேய்ந்த டிஸ்க் அந்த அளவுக்கு வந்துவிட்டால் கடைசல் பிடிப்பதில் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

டிஸ்க்கின் நடுக் குமிழும் வெளி விளிம்பும் பேட் தொடாத இடங்கள் என்பதால் அங்கே துரு நிலையாகத் தங்கி, அலாய் வீலின் இடைவெளிகளில் கண்ணை உறுத்தும். டயர்களை இடம் மாற்றுவதற்காகச் சக்கரங்களைக் கழற்றும் நாளே இதற்கு ஏற்றது. கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டு, உரசும் முகத்தைத் தாளும் டேப்பும் கொண்டு மறைத்தபின், அதிக வெப்பம் தாங்கும் பெயின்ட்டை அந்தப் பகுதிகளில் மட்டும் பூசலாம். சக்கரம் அமரும் ஹப் முகத்தின் துருவையும் அப்போதே சுரண்டிவிட வேண்டும்; அங்கே படிந்த துரு சக்கரத்தைச் சரியாக அமரவிடாது. வீல் நட்களை எதிரெதிராக மாற்றி மாற்றி, வண்டியின் கையேட்டில் உள்ள முறுக்கு அளவில் இறுக்குங்கள்.

கழற்றிய நாளில் ரிம்மின் உட்புறத்தையும் கழுவி உலர்த்தி, செயற்கை சீலன்ட்டோ செராமிக் பூச்சோ கொடுத்தால் அடுத்த சில மாதங்களுக்குத் தூசு வெறும் தண்ணீருக்கே பெருமளவு வழிந்துவிடும். கார்னௌபா மெழுகு 80 டிகிரி செல்சியஸைச் சற்றுத் தாண்டியதும் உருகிவிடும் என்பதால் பிரேக்கின் வெப்பத்திற்கு அருகில் அது நிலைக்காது. தூசையே குறைக்க விரும்புபவர்கள், அடுத்த முறை பேட் மாற்றும்போது தங்கள் வண்டிக்கு ஏற்ற செராமிக் பேட் கிடைக்கிறதா என்று கேட்கலாம். அதன் தூசு குறைவு, நிறமும் வெளிறியது. மலை இறக்கத்தில் குறைந்த கியரில் இறங்கினால் பேடின் தேய்மானமும் அதனால் வரும் தூசும் குறையும்.

கழுவும் முன் இரண்டு முன் சக்கரங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மிகக் கறுத்திருந்தால் அந்தப் பக்கக் கேலிப்பர் நகர உதவும் பின் என்ற கம்பியோ, பேடைத் தள்ளும் பிஸ்டனோ சிக்கி, பேட் எப்போதும் உரசிக்கொண்டிருக்கலாம். ஒரு பக்க டிஸ்க்கில் மட்டும் துரு அழியாமல் நின்றால் அங்கே பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று கொள்ளலாம். இரண்டுமே கழுவித் தீர்க்கக்கூடியவை அல்ல. உடனே பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டியவை. மின்சாரக் கார்களில் மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் டிஸ்க்குக்கு வேலை குறைவு. தூசு அரிதாக இருக்கும், துரு கூடுதலாகப் படியும். அத்தகைய வண்டியில் மோட்டார் வழி வேகக் குறைப்பை மிகக் குறைந்த அளவில் வைத்துவிட்டு, வாரம் ஒரு முறை பாதுகாப்பான சாலையில் பெடலைச் சற்று அழுத்தமாக மிதித்து டிஸ்க்கைத் தேய்த்துக்கொள்ள வேண்டும்.